பின்னாலிருந்து ஒரு டொக்

அன்புள்ள யாழினிக்கு,

பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடலாம் என்ற மெக்கானிக்கிடம் இன்னும் சரி என்று சொல்லிவிடாதே, கண்ணு. அவர் சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. உன் வண்டியை நான் பார்க்கவில்லை. அவரும் ஓட்டிப் பார்க்காமலே சொன்னதாகத்தான் நீ எழுதியிருக்கிறாய். ஆக, இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒரே அளவுதான். நான் உன்னிடம் பணம் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னால் சத்தம் என்று ஒரு வண்டி வந்து நின்றால், பழி முதலில் ஷாக் அப்சார்பர் மீது விழும். பெரும்பாலான சின்னக் கார்களில் அதைக் கழற்றி மாட்டுவது சுலபம். மேலே ஒரு நட்டோ இரண்டோ, கீழே ஒரு போல்ட். விலை சொல்வதும் சுலபம். மாற்றிய பிறகு பல நேரங்களில் சத்தம் நின்றும் போகும். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. புது ஷாக்கோடு புது ரப்பர் புஷ்ஷும் வருகிறது. நட்டுகளும் புதிதாக முறுக்கப்படுகின்றன. பழைய ஷாக்கில் ஒரு குறையும் இல்லாமல், அதன் மேல் நட்டு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்ததுதான் கோளாறு என்றாலும் சத்தம் நின்றுவிடும். ஒரு ஸ்பானர் திருப்பலில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு ஷாக்கின் விலையைக் கொடுத்தவர், மெக்கானிக் கெட்டிக்காரர் என்று பாராட்டிவிட்டுப் போவார்.

‘டொக்’ என்று கேட்டால் விஷயம் ஒன்றுதான். ஒன்றோடொன்று இறுகி இருக்க வேண்டிய இரண்டு பொருள்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. பின் ஆக்சில் காரின் உடம்போடு நேராகச் சேர்வதில்லை. அது சேரும் ஒவ்வொரு மூட்டிலும் நடுவே ரப்பர் உண்டு. முழங்கால் சவ்வு தேய்ந்தவருக்கு எலும்பும் எலும்பும் உரசுவதுபோல, ரப்பர் போன இடத்தில் இரும்பும் இரும்பும் இடிக்கும். ‘கிரீச்’ என்று கேட்டால் ரப்பர் இன்னும் இருக்கிறது, காய்ந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள். வேகம் ஏற ஏறத் தானும் ஏறுகிற ‘ஊ’ என்ற இரைச்சல் பேரிங்கிலிருந்தோ டயரிலிருந்தோ வருவது. மேடு பள்ளம் எதுவும் இல்லாத ரோட்டிலும் சக்கரம் சுற்றுகிற கணக்குக்குத் தாளம் போட்டால் டயரைத் தடவிப் பார், எங்காவது புடைத்திருக்கும். உனக்குக் கேட்பது டொக். அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் இடைவெளி. நாம் தேட வேண்டியது அதை.

எங்கே தேடுவது? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். காதை நம்பி ‘இடது பக்கம்தான் கேட்கிறது’ என்று அடித்துச் சொல்வார்கள். காரின் தகடு சத்தத்தைக் கடத்துகிற மாதிரி வேறெதுவும் கடத்தாது. வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் பிறந்த சத்தம் இடது பக்கக் கதவோரம் வந்து கேட்கும். பின் சீட்டை மடித்து வைத்திருந்தால் எல்லாமே உன் தலைக்குப் பின்னால் நடப்பதுபோல இருக்கும். அதனால் எங்கே கேட்கிறது என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வை. எப்போது கேட்கிறது என்று பார். அதில் காது பொய் சொல்லாது.

முதலில், உன் தெரு வேகத்தடை. அதை நேராக, இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்படி, மெதுவாகக் கடந்து பார். பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறுகிற மாதிரி ஒரு பள்ளத்தையோ வீட்டு வாசல் சரிவையோ சாய்வாகக் கடந்து பார். இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கிறதா, ஒன்றில் மட்டும் கேட்கிறதா? இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஷாக், ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப், சைலன்சர் ஆகியவை வேலை செய்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது ஆக்சில் சாய்கிறது, முறுக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் மட்டும் டொக் என்றால், பின்னால் ஆண்டி ரோல் பார் இருக்கிற வண்டியில் அதன் லிங்க்கையும், கெட்டி ஆக்சில் வண்டியில் குறுக்குக் கம்பியின் புஷ்ஷையும் முதலில் சந்தேகப்படுவேன். இது தீர்ப்பு ஆகிவிடாது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது, அவ்வளவுதான்.

வேகத்தடை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் இதற்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது, ஐஆர்சி 99 என்று. மேடு 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டுபோல வளைந்து இருக்க வேண்டும் என்றது அது. மணிக்கு 25 கிலோமீட்டரில் அதைக் கடக்கலாம் என்பது கணக்கு. நம் தெருக்களில் மிஞ்சின தாரைக் குவித்துப் போட்டிருக்கிறார்களே, அவற்றுக்கும் இந்தக் கணக்குக்கும் எந்த உறவும் கிடையாது. உன் புஷ்களின் ஆயுளில் பெரும் பகுதியைத் தின்றவை அந்தக் குவியல்கள்தான்.

அடுத்தது சின்ன மேடுகள். சிமென்ட் ரோட்டின் இணைப்புகள், தோண்டி மூடிய கேபிள் பள்ளம், சரளைக்கல் பாதை. இவற்றில் மெதுவாகப் போகும்போது ‘டக டக’ என்று கேட்டு, பெரிய மேட்டில் நிதானமாக ஏறி இறங்கும்போது சத்தமே இல்லை என்றால் ஷாக்கின் மேல் மவுண்ட் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சின்ன மேடுகளில் ஷாக்கின் தண்டு நொடிக்குப் பல தடவை மேலும் கீழும் திசை மாறும். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இடைவெளி இடிபடும். நேர்மாறாக, தனியாக ஓட்டும்போது ஒன்றும் இல்லாமல், நாலு பேரும் பெட்டியும் ஏறிய பிறகு பெரிய மேட்டில் ‘தட்’ என்று அடித்தால் பம்ப் ஸ்டாப் வரை ஆக்சில் ஏறி இடிக்கிறது என்று பொருள். பம்ப் ஸ்டாப் என்பது ஷாக்கின் தண்டிலோ ஆக்சிலுக்கு மேலேயோ இருக்கும் ரப்பர் அல்லது ஃபோம் கட்டை. பழைய வண்டிகளில் அது பொடிப்பொடியாக உதிர்ந்துபோயிருக்கும். தூசி உறையைத் தூக்கிப் பார்த்தால் வெறும் தண்டு மட்டும் நிற்கும்.

பிரேக் போடும்போதும், ரிவர்ஸ் எடுத்துப் பிறகு முன்னால் போகும்போதும் கேட்டால் கதை வேறு. உன்னுடையது டார்ஷன் பீம் வண்டி. ஸ்விஃப்ட், ஐ20 எல்லாம் இந்த வகைதான். இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் அந்த உத்திரம், முன்பக்கம் இரண்டு பெரிய புஷ்களில் தொங்குகிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் பின்வாங்கப் பார்க்கும். ரிவர்ஸில் பிடித்தால் முன்னால் ஓடப் பார்க்கும். புஷ் கிழிந்திருந்தால் உத்திரமே அசைந்து இடிக்கும். பிரேக்கின் உள்ளேயும் இது நடக்கலாம். திசை மாறியபின் முதல் தடவை பிடிக்கும்போது மட்டும் ஒரே ஒரு டொக், பிறகு அமைதி என்றால் பிரேக் ஷூவோ பேடோ தன் இடத்தில் நகர்ந்து உட்காருகிறது. இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், நடக்கிற வேகத்தில், பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே சத்தம் கேட்கிற மேட்டில் ஏறு. அழுத்தும்போது சத்தம் மறைந்து, காலை எடுத்ததும் திரும்பி வந்தால் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல். ஷாக்கைத் தொட வேண்டாம்.

பிரேக் போடும்போது ‘தொளப்’ என்று கனமாக ஒன்று கேட்டு, டேங்க் நிறைந்திருந்தால் கேட்காமல் போகிறதா? அது பெட்ரோல் அலைந்து டேங்க் சுவரில் மோதுவது. இதற்காக ஆக்சிலையே கழற்றிய ஒர்க் ஷாப் உண்டு.

இதையெல்லாம் கவனித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள். அதற்குப் பிறகும் கீழே குனியாதே. டிக்கியைத் திற.

டிக்கியில் இருப்பதை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோய் வை. தண்ணீர் கேன், குடை, யோகா பாய், அக்கா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில், எல்லாம். கார்ப்பெட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் பெரிய திருகைக் கையால் இறுக்கிப் பார். பஞ்சர் ஒட்டிவிட்டு ஸ்டெப்னியைத் திரும்பப் போடும் பையன்கள் அந்தத் திருகை இரண்டு சுற்று சுற்றிவிட்டு விட்டுவிடுவார்கள். சில நேரம் ஸ்டெப்னியையே தலைகீழாகப் போட்டிருப்பார்கள். அப்படியானால் திருகு எட்டாது. ஜாக்கியும் வீல் ஸ்பானரும் அவற்றுக்கான குழியில் இருக்கின்றனவா, பையோடு சும்மா கிடக்கின்றனவா என்று பார். எங்கள் ஒர்க் ஷாப்புக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் வண்டி வந்தது. வேறொரு இடத்தில் இரண்டு ஷாக்கும் புதிதாக மாற்றி, ஸ்பிரிங் ரப்பரும் மாற்றி, டொக் மட்டும் அப்படியே இருந்தது. ஜாக்கியைத் தன் குழியில் வைத்துத் திருகி, விரிந்து அது தகட்டை அழுத்துகிற வரை இறுக்கினோம். பல வண்டிகளில் ஜாக்கியை அப்படித்தான் நிறுத்த வேண்டும். அவர் அன்றைக்குக் கொடுத்த டீ காசைத் தவிர அந்த வேலைக்கு நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை.

டிக்கி காலி. இப்போது அதே தெரு, அதே மேடு, அதே வேகம். சத்தம் போய்விட்டால் வேலை முடிந்தது. போகவில்லை என்றால் இன்னும் மூன்று இடம் பார். பின் சீட்டின் முதுகு மாட்டுகிற கொக்கி: அதைச் சுற்றி இன்சுலேஷன் டேப் நாலு சுற்றுச் சுற்றி மாட்டிப் பார். டிக்கி கதவின் பூட்டு: கதவை மூடியபின் மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது, ஆடினால் கீழே இருக்கும் கொக்கியை ஒரு நூல் நகர்த்த வேண்டும். ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் பக்கிள்: அது பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டுகிற சத்தம் சஸ்பென்ஷன் சத்தம் மாதிரியே கேட்கும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சிஎன்ஜி வண்டி வைத்திருக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாளே, அவளிடமும் சொல். டிக்கியில் உள்ள சிலிண்டரின் பிராக்கெட் தளர்ந்தாலும் இதே டொக்தான் வரும். அதை மட்டும் அவள் கை வைத்து இறுக்க வேண்டாம். கிட் பொருத்தத் தெரிந்த இடத்துக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்.

இன்னொரு சோதனையையும் இப்போதே செய்துவிடலாம். கைப்பேசியை ரெக்கார்டிங்கில் போட்டு டிக்கியின் இடது ஓரத்தில், சக்கர மேட்டுக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்து ஒரு தடவை ஓட்டு. வலது ஓரத்தில் வைத்து இன்னொரு தடவை. எந்தப் பக்கம் உரக்கப் பதிகிறது என்று கேட்டுப் பார். உன் காதைவிட அது மேல். யாரையும் டிக்கிக்குள் படுக்க வைத்துக் கேட்கச் சொல்லாதே. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

டிக்கியில் ஒன்றும் சிக்கவில்லை என்றால்தான் அடியில் பார்க்க வேண்டும். அதற்கு முன் வாட்டர் சர்வீஸ் செய்துவிடாதே. சுத்தமாகக் கழுவிக் கொண்டுவந்தால் மெக்கானிக் சந்தோஷப்படுவார் என்று நினைப்பாய். ஆனால் அந்த அழுக்கில்தான் தடயம் இருக்கிறது. எது அசைகிறதோ அதைச் சுற்றியுள்ள காய்ந்த சேறு வட்டமாக வெடித்திருக்கும். தளர்ந்த போல்ட்டின் தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய துருப்பொடி படிந்திருக்கும். இரும்பு இரும்பை இடிக்கிற இடத்தில் துருவும் அழுக்கும் போய்க் காசு அளவுக்குப் பளபளவென்று ஒரு தழும்பு தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் அது மின்னும். அந்தத் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கழுவிவிட்டால் அதையும் சேர்த்துக் கழுவிவிடுவாய்.

நீயே ஜாக்கி போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். சக்கரத்தைக் கழற்றும் அளவுக்குத் தூக்கலாம், அடியில் நுழையக் கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான். அடியில் போக வேண்டும் என்றால் ஆக்சில் ஸ்டாண்டு வேண்டும், சமதளம் வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. நீ தூக்கப்போவதும் பின்பக்கத்தைத்தான். பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிட்டால் ஹேண்ட் பிரேக் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி முன்சக்கரங்களில் உருண்டுவிடலாம். அதனால் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை அல்லது செங்கல் அண்டை கொடுத்து, கியரிலும் போட்டுவிட வேண்டும். உன் வண்டியில் என்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றுவதால் கியர் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். டார்ஷன் பீமின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்காதே, அது வளைந்துவிடும்.

தூக்காமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. டிக்கியோரத்தை இரண்டு கையாலும் அழுத்தி விடு. எழுந்து ஒரு தடவை தாழ்ந்து நின்றுவிட்டால் சரி. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் செத்துப்போய்விட்டது. ஆனால் இந்தச் சோதனையில் தேறியதால் ஷாக் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. படுமோசமானதை மட்டும்தான் இது காட்டும். பல வண்டிகளில் டிக்கிக்குள் ஓரத் திரையை விலக்கினால் ஷாக்கின் மேல் நட்டு தெரியும். உன் தம்பி வெளியே வண்டியை அழுத்தி ஆட்டட்டும். நீ அந்த நட்டின் மேல் இரண்டு விரலை வை. மூட்டில் இடைவெளி இருந்தால் காதுக்குக் கேட்கும் முன்பே விரல் நுனியில் ஒரு சின்னத் துள்ளல் தட்டும். ஸ்பிரிங் சுருளுக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விரலை விடாதே.

பிறகு ஓர் அளவு டேப் எடுத்து, இரண்டு பின்சக்கரங்களுக்கும் அவற்றின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து பார். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தால் காயில் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். ஸ்பிரிங் நடுவில் உடைவது அபூர்வம். அடிச் சுருளில், கிண்ணத்தில் உட்காரும் இடத்தில்தான் பெரும்பாலும் உடையும். அங்கே தண்ணீரும் மண்ணும் தங்கும், பெயின்ட் உரியும், துரு குழி போடும், அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். உடைந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே கிடப்பதால் பார்த்தால் தெரியாது. விரலால் விளிம்பைத் தடவினால்தான் நுனி தட்டுப்படும். இதை மெக்கானிக் செய்யட்டும், ஸ்டாண்டில் நிறுத்தி. நீ கடற்கரைச் சாலையிலேயே வண்டியை நிறுத்துகிறவள், உப்புக் காற்று வேறு. இதைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல். ஸ்பிரிங் உடையாமல், அதற்கு அடியில் உள்ள ரப்பர் மட்டும் நைந்திருந்தாலும், ஸ்பிரிங்கின் நுனி கிண்ணத்திலுள்ள படியில் சரியாக உட்காராமல் திரும்பியிருந்தாலும் டொக் வரும்.

சைலன்சர் ஆறியிருக்கும்போது அதன் வாலைப் பிடித்து ஆட்டு. ரப்பர் வளையம் ஒன்று அறுந்திருந்தால் குழாய் ஆக்சிலிலோ ஹீட் ஷீல்டிலோ போய்த் தட்டும். என்ஜினை நிறுத்தும் குலுக்கலில் சத்தம் வந்தால் முதல் சந்தேகம் இதன்மீதுதான். இந்த வளையத்துக்குக் கொடுக்கும் காசு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக்கு மேல் போகாது.

இதெல்லாம் உன் வண்டிக்கு. எல்லா வண்டிக்கும் இது ஒன்றே பாடம் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் தொழில் பழகியது அம்பாசடரில். 2014 வரை உத்தர்பாராத் தொழிற்சாலையில் அது தயாரானது. பின்னால் லீஃப் ஸ்பிரிங். அதில் டொக் என்றால் முதலில் யூ போல்ட், அடுத்து ஷேக்கிள் புஷ். பொலேரோவில் இன்றைக்கும் பின்னால் லீஃப் ஸ்பிரிங்தான், அதே வரிசைதான். இன்னோவாவில் நாலு லிங்க்கும் ஒரு குறுக்குக் கம்பியும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கம்பியின் புஷ் நன்றாகப் பேசும். பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகளில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் டொக் என்றால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு நடு ஷாஃப்டின் கிராஸைப் பார்க்க வேண்டும். உன் வண்டியில் அந்த ஷாஃப்டே கிடையாது. யாராவது உன்னிடம் கிராஸ் போய்விட்டது என்று சொன்னால், டீ குடித்துவிட்டு வேறு கடை பார்.

இனி மெக்கானிக்கிடம் பேசுவது. ‘ஷாக் போயிருக்குமா அண்ணா?’ என்று கேட்காதே. கேட்டால் ‘ஆமாம்மா’ என்பதுதான் பதிலாக வரும். சீட்டை எடுத்துக் காட்டு: இன்ன மேட்டில், இன்ன வேகத்தில், ஒரு சக்கரம் ஏறும்போது மட்டும், டிக்கி காலியாக இருக்கும்போதும் கேட்கிறது என்று சொல். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டு. பிறகு அவர் ஓட்ட, நீ பின் சீட்டில் உட்கார். கூட வர மறுக்கிறவரிடம் வண்டியை விடாதே. நல்ல மெக்கானிக் ஓட்டிப் பார்க்காமல் போனட்டைக்கூடத் தூக்க மாட்டார்.

வண்டியை எதில் ஏற்றிப் பார்க்கிறார் என்பதையும் கவனி. இரண்டு தூண் லிஃப்ட்டில் ஏற்றினால் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும். புஷ்ஷும் லிங்க்கும் ரோட்டில் இருக்கும் நிலையிலிருந்து மாறி இழுபட்டு நிற்கும். அந்த இழுப்பில் இடைவெளி மறைந்துவிடலாம். பழைய கால பிட் இதற்கு நல்லது, நாலு தூண் லிஃப்ட்டும் நல்லது. வண்டியின் கனம் சக்கரத்தில் இருக்கும்போதே சின்னக் கடப்பாரையால் ஒவ்வொரு புஷ்ஷாக நெம்பிப் பார்க்க முடியும். ரப்பர் கொஞ்சம் அமுங்குவது இயல்பு. ‘டக்’ என்று இரும்பு போய் இடித்தால் அது போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் லேசாக வியர்த்து அதில் தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். கீழ்வரை வழிந்து ஈரமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது ஒன்றை மட்டும் மாற்றாதே, இடதும் வலதும் சேர்த்து மாற்று. ஸ்பிரிங்குக்கும் அப்படியே. புதுப்பேட்டையில் பழைய ஷாக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அழைத்துப்போனால் போகாதே. கதவுக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் அங்கே போகலாம், ஷாக்குக்கும் புஷ்ஷுக்கும் கூடாது.

புஷ் மாற்றும்படி ஆகிவிட்டால் ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக இரு. புஷ்ஷின் நடுவே உள்ள இரும்புக் குழலைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக்சில் ஏறி இறங்கும்போது நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டைக் கடைசி வரை இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். நல்ல புஷ்ஷும் அப்படிச் சீக்கிரம் கிழியும். போல்ட்டுகளை முதலில் லேசாக மாட்டி, வண்டியின் கனம் சக்கரத்தில் இறங்கிய பிறகு, டார்க் ரென்ச்சால் அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். இதை நின்று பார்த்து இறுக்கச் சொல். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா’ என்பார். ஆகும். பழைய புஷ்ஷையும் ஷாக்கையும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்.

வண்டியை எடுக்கவே கூடாத நிலை சில உண்டு. சக்கர நட்டு தளர்ந்திருப்பது (அதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் வீல் ஸ்பானரால் பார்த்துவிடு), ஸ்பிரிங் உடைந்திருப்பது, பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுவது, பிரேக் போடும்போது பின்பக்கம் ஒருபுறமாக நகர்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்; ஒர்க் ஷாப்புக்கு இழுவை வண்டியில்தான் போக வேண்டும். மற்றபடி ஒரு வாரம் மெதுவாக ஓட்டிச் சத்தத்தைக் கவனிப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

தீபாவளிக்கு அதே வண்டியில் ஊருக்கு வருவதாக அக்கா சொன்னாள். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும். பதில் எழுதும்போது எந்தப் பாகம் போயிருக்கும் என்று உனக்குத் தோன்றுவதை எழுதாதே. எந்த மேட்டில், எந்த வேகத்தில், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, பிரேக்கில் கால் இருந்ததா இல்லையா, அதை மட்டும் எழுது.

அன்புடன்,
மாமா